சிலுப்பாத சேவல்

அந்தச் சேவலுக்கு நடக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. குஞ்சாக வந்த நாளிலிருந்து அதற்குத் தீனி போட்டவள் நான்தான், தண்ணீர் காட்டியவளும் நான்தான். ஆனால் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற கோழியைப் பார்த்து, இதற்கு நடக்க வருமா என்று யார் யோசிக்கிறார்கள்? நின்றது, தின்றது, வளர்ந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் சிலோனிலிருந்து வந்து, குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில், ஒண்டியிருந்த காலம் அது. நானும் அம்மாவும்தான். அப்பா அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டாருக்குப் பாஸ்போர்ட் வரவில்லை, அதனால் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். தலைமன்னாரில் கப்பல் ஏறுகிற அன்று அம்மா கரையைப் பார்த்துக் கும்பிட்டுச் சத்தமாகவே சொன்னாள்: "என் மூத்தவள என் கண்ணு முன்னால கொண்டாந்து சேத்துரு சாமி. என் கையால வளத்த சேவல் ஒண்ணு தாறேன்."

சொன்னது கவ்வாத்துச் சாமிக்கு. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்திகளையெல்லாம் ஒரு கல்லின் முன்னால் குவித்து, யார் கையும் வெட்டுப்படாமல் இருக்கச் சேவல் கொடுப்பது அங்கே எங்கள் வழக்கம். இங்கே சனம் வந்தபோது சாமியும் கூடவே வந்துவிட்டது. அதனிடம் மட்டும் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, வருஷா வருஷம் பூசை நடந்துகொண்டிருந்தது.

அக்கா ஒருவழியாக வந்து சேர்ந்தாள். மண்டபம் முகாமில் மாசக்கணக்கில் கிடந்து, எலும்பும் தோலுமாக, புருஷனோடும் வயிற்றில் பிள்ளையோடும் வந்தாள். அம்மாவின் சந்தோஷம் ஒரு சாயங்காலம் தாங்கியது. மறுநாளே முகம் சுண்டிவிட்டது. வேண்டுதல் பாக்கி நிற்கிறது. சாமி கொடுத்ததை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டால்? அக்கா தும்மினால்கூட அம்மா பதறினாள். அந்த வருஷத்துக் கவ்வாத்துப் பூசைக்குள் சேவலைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பிள்ளை தங்காது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

சேவலுக்கு எங்கே போவது? லயத்தில் கோழி வளர்க்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். நாற்றங்காலைக் கிளறிவிடுமாம். அம்மா முன்பு ஒருமுறை கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து இரண்டு குஞ்சுகளை ஒளித்து வைத்துப் பார்த்தாள். சத்தம் காட்டிக்கொடுத்தது. சூப்பர்வைசர் வாசலில் நின்று கத்தியதில் அடுத்த தோட்டத்துக்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். கடையில் வாங்கலாம், ஆனால் சொன்ன சொல் 'என் கையால வளத்த' என்பது.

அப்போதுதான் நான் என் பவிசைக் காட்டினேன். குன்னூர் போகிற ரோட்டில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வைத்திருந்த கோழிப்பண்ணையில் எனக்கு வேலை. தகரம் போட்ட நீளமான ஷெட். உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளைக் கோழிகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. அடியிலும் கம்பிதான், சரிவாக இருக்கும். முட்டை இட்டதும் உருண்டு முன்னால் வந்துவிடும், நான் பொறுக்கித் தட்டில் அடுக்குவேன். மழையில் நனையாத வேலை, முதுகில் கூடை இல்லாத வேலை, அட்டை கடிக்காத வேலை. லயத்துப் பெண்கள் எல்லாம் ஈரச் சாக்கோடு மலையேறும்போது நான் செருப்புப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்தது.

குஞ்சுகள் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து பெட்டியில் வரும். எல்லாம் பெட்டை என்றுதான் அனுப்புவார்கள். எப்போதாவது ஒரு சேவல் தப்பி வந்துவிடும். கொண்டை வளர்ந்த பிறகுதான் தெரியும். அப்படி ஒன்று என் வரிசையில் நின்றது. நல்ல உயரம். கொண்டை சிவந்து பெரிதாகிக் கூண்டின் மேல்கம்பியில் இடித்து மடிந்து கிடந்தது. முதலாளியின் மனைவியைப் பண்ணைக்கார அம்மா என்போம், அவரிடம் கேட்டேன். "முட்டையா போடப்போவுது, தீனிக்குக் கேடு. நீயே ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போ அம்மிணி," என்றார்.

அம்மாவிடம் சொன்னபோது, "ஒன் கையில வளந்ததா?" என்று கேட்டாள்.

"ஒன் கை என்ன, என் கை என்னம்மா? நான் வளத்ததுதான்."

"வெளிய மேயுதா?"

"மழை இல்ல, கீரி இல்ல. வேளாவேளைக்குத் தீனி. நம்மள விட நல்லாருக்கு," என்றேன். அப்படித்தான் நினைத்தும் இருந்தேன்.

பூசை அன்று காலை மூடுபனி. கல்லுக்கு முன்னால் கவ்வாத்துக் கத்திகள் குவிந்து கிடந்தன. சாமி சேவலை ஏற்றுக்கொண்டால்தான் யாரும் கத்தியைத் தொடலாம். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் சிலுப்பு. மஞ்சள் தண்ணீரை முதுகில் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அதற்கும் சம்மதம், சாமிக்கும் சம்மதம். சிலுப்பாத சேவலை வெட்டக் கூடாது.

நான் சாக்கிலிருந்து அதை எடுத்துத் தரையில் விட்டேன். அது உட்கார்ந்துவிட்டது. பூசாரி தூக்கி நிறுத்தினார். கால் பரப்பிக்கொண்டு சரிந்தது. நகங்கள் வளைந்து நீண்டிருந்தன. விரல்களை மடக்கி மடக்கி மண்ணைப் பிடிக்கப் பார்த்தது. கம்பி தேடுகிறது என்று எனக்கு உடனே புரிந்தது. கழுத்தடியில் கம்பி உரசி உரசி மயிர் போன இடம் சிவப்பாகத் தெரிந்தது. ஷெட்டின் அரை இருட்டில் அத்தனை நாள் பார்த்தும் என் கண்ணில் படாதது, இப்போது ஊர் முழுக்கப் பார்த்தது.

தண்ணீர் தெளித்தார்கள். சும்மா இருந்தது. மறுபடி தெளித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி, "சிலுப்புய்யா, என் ராசா, சிலுப்பு," என்று கெஞ்சினாள். யாரோ ஒருவன், "இது கோழியா, பஞ்சுப் பொம்மையா?" என்றான். சிரித்தார்கள். மூன்றாவது முறை சொம்போடு ஊற்றினார்கள். நனைந்த துணியாகக் கிடந்தது.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இதோட மூக்குக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டாள்.

"குஞ்சிலயே வெட்டிருவோம். மெஷின்ல. ஒண்ணையொண்ணு கொத்திக்குங்கும்ல."

"எதுக்குக் கொத்திக்கணும்?"

"நெருக்கத்துல."

அவள் முகாமிலிருந்து வந்தவள். அந்த ஒரு சொல்லுக்கு அவளிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குஞ்சைப் பிடித்துச் சூட்டுக் கத்தியில் மூக்கை நீட்டுகிற கை என் கைதான்.

"சாமி வேணாங்குது," என்று பூசாரி தள்ளி வைத்தார். அடுத்த தோட்டத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த நாட்டுச் சேவல் வந்தது. தண்ணீர் பட்டதோ இல்லையோ, உடம்பெல்லாம் உதறி எல்லார் மேலும் தெறிக்க வைத்தது. குலவை எழுந்தது. அம்மா எங்கள் சேவலை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தாள். வழி நெடுக என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், எனக்கு வாய் நீளம்.

சாமிக்கென்று விட்டதை வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். "கவ்வாத்துச் சாமிக்கு விட்டதுங்க," என்றாள் அம்மா. அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். சாமி விஷயத்தில் சட்டம் பேச அவருக்கும் பயம்.

அம்மா அதை அடுப்போரமாக வைத்துக்கொண்டாள். நகத்தை வெட்டினாள். காலில் எண்ணெய் தடவி நீவினாள். மொண்ணை மூக்கால் மண்ணிலிருந்து ஒரு அரிசியைப் பொறுக்க அது படுகிற பாட்டைப் பார்த்துக் களியாக உருட்டி வைத்தாள். முதல் நாட்களில் வெளியே விட்டால் வானத்தைக் கண்டு பயந்து விறகுக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு நின்றது. பிறகு நடந்தது. அதற்குள் அக்காவுக்குச் சுகமாகப் பெண் பிறந்தது. அம்மா அந்தப் பிள்ளையை வெளி ஆட்கள் முன்னால் தூக்கவே மாட்டாள். பாக்கி தீரவில்லையே.

ஒரு வெயில் நாளில் சேவல் அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழியில் போய்ப் படுத்தது. பக்கவாட்டில் சாய்ந்து, இறக்கையை விரித்து, காலால் சாம்பலை அள்ளி மேலே போட்டுக்கொண்டு, கண் செருகிக் கிடந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஷெட்டில், தினமும். கூண்டில் ஏதாவது ஒரு கோழி திடீரென்று கம்பியில் சாய்ந்து, உடம்பை உதறி, இறக்கையால் ஒன்றுமில்லாததை அள்ளி அள்ளிப் போடும். வலிப்பு என்று பண்ணைக்கார அம்மா சொல்வார். நானும் வலிப்பு என்றே நினைத்திருந்தேன். அவை குளித்துக்கொண்டிருந்தன. மண்ணையே பார்த்திராத கோழிகள், மண் இல்லாமலே.

கூண்டுக்குள் கொஞ்சம் சாம்பல் வைக்கலாமா என்று பண்ணைக்கார அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "முட்டை அழுக்காயிராதா அம்மிணி, அப்பறம் ஊட்டி ஓட்டல்காரன் வாங்குவானா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சரிங்க என்றுவிட்டு முட்டை பொறுக்கப் போனேன். முகாமில் அக்கா அடைந்து கிடந்ததையும் இந்தக் கூண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பேனா இழுக்கிறது. எழுத மாட்டேன். இங்கே கூண்டின் கொக்கியைப் போட்டவள் நான்.

அடுத்த வருஷத்துப் பூசைக்கு அம்மா அந்தச் சேவலையே தூக்கிப் போனாள். இப்போது அது அவள் கையால் வளர்ந்தது, சொன்ன சொல்லில் குறையில்லை. கல்லுக்கு முன்னால் இறக்கிவிட்டதும் நிமிர்ந்து நின்று கூவியது. போன வருஷம் சிரித்த சனம் இந்த வருஷம் கைதட்டியது. முதல் தெளிப்பிலேயே சிலுப்பியது, கொண்டையிலிருந்து வால் வரைக்கும், மழையில் நனைந்து வந்த எந்தக் கோழியும் சிலுப்புவதைப்போல. பூசாரி ஒரே வெட்டு. அம்மா குலவை போட்டுவிட்டு, அக்கா கையிலிருந்த பிள்ளையை வாங்கி, எல்லார் முன்னாலும் முதல் தடவையாக முத்தம் கொடுத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. குழம்பு நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் வழக்கம்போல பஸ் ஏறிப் போய் ஷெட் கதவைத் திறந்தேன். ஒரே ஒரு சேவலிடம் சம்மதம் கேட்டு ஊரே காத்து நின்றதை முந்தின நாள் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தீனி வாளியின் சத்தம் கேட்டதும் வரிசை முழுக்கத் தலைகள் கம்பிக்கு வெளியே நீண்டன. மொண்ணை மூக்குகளால் என் கையைத் தட்டித் தட்டிக் கொக்கரித்தன. என் கல்யாணம் வரைக்கும் அங்கேதான் வேலை பார்த்தேன். அத்தனை நாளும், என்னைக் கண்டால் அவற்றுக்கு அவ்வளவு சந்தோஷம்.