மூன்றாம் மாடி அக்காவின் சின்னப் பைகள்

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்துக்கு உணவுக் கழிவு போடும் பழுப்புத் தொட்டி வந்தபோது, வீடு வீடாகப் போய்க் குப்பையைக் குறைக்கும் வழி சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். முதலில் தட்டியது மூன்றாம் மாடி அக்காவின் கதவை. வீட்டு உடைக்கு மேலே குளிர் கோட்டும் கையில் முடிச்சிட்ட ஒரு சின்னப் பையுமாக, ஒரே நாளில் நாலைந்து தரம் அவர் படியிறங்குவார். இவ்வளவு குப்பையா என்று எனக்கு ஆற்றாமை.

"அக்கா, அளவாச் சமைச்சு, மரக்கறித் தோலை நான் கொண்டுவந்த இந்தச் சின்ன வாளிக்குள்ள போட்டா, கிழமைக்கு ஒரு பைதான் வரும். ஒருக்கா இறங்கினாப் போதும்!"

அவர் முகம் வாடியது. உள்ளே படுக்கையில் கிடந்த அவருடைய மாமி, "பிள்ளை, எங்க நிக்கிறாய்?" என்று கூப்பிட்டார்.

"இங்கதான் மாமி!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "குப்பை போடப் போறன் எண்டாத்தான் தம்பி, அவ அஞ்சு நிமிசம் விடுவா. அதையும் குறைச்சா நான் எப்ப வெளிக்காத்தைக் காணுறது?"

"நான் வந்து அவவோட இருக்கட்டோ?"

"வேற ஆக்களைக் கண்டாப் பயந்து அழுவா."

அவர் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை மணக்க விடக்கூடாது, என்ன?"

"ஓம் அக்கா, அடிக்கடி கீழ தொட்டியில கொட்டவேணும்."

"ஒவ்வொருக்காச் சமைக்கேக்கையும்?"

"ஓம், ஒவ்வொருக்காவும்."

அவர் சிரித்துவிட்டார்.

எங்கள் கட்டடத்தில் அவரைப்போலக் கச்சிதமாகக் கழிவு பிரிப்பவர் இன்றைக்கும் இல்லை. குடியிருப்போர் கூட்டத்தில் அவரை முன்மாதிரியாகக் காட்டச் சொல்கிறார்கள். காட்டினால், ஏன் இத்தனை தரம் இறங்குகிறார் என்று யாராவது கேட்பார்கள்; நான் காட்டுவதில்லை.