அத்தை சொல்லாத பெயர்

என் மகனுக்குப் பத்து மாதம் ஆகும்வரை பெயர் இல்லை. தடுப்பூசி அட்டையில் 'ஆண் குழந்தை' என்று எழுதியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடத்தில் ஒரு சிறு கோடு. வீட்டில் எல்லோருக்கும் அவன் சாமி, இல்லாவிட்டால் கண்ணு. எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் எல்லா வீட்டுக் குழந்தையும் சாமிதான், கண்ணுதான் என்பதால் அந்த இரண்டையும் பெயராகக் கணக்கில் எடுக்க முடியாது.

சுகாதார நிலையத்து நர்ஸ் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்குவார். "ஏனுங்க, இன்னுமா பேரு வெக்கல? ஒரு வருசத்துக்குள்ள சேத்துப்போடுங்க. அப்புறம்னா அலைச்சல்." அலைச்சல் என்ற சொல் போதும் எனக்கு. அன்று முதல் காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்தேன். பெயரில்லாமல் பள்ளியில் சேர்ப்பார்களா, ரேஷன் கார்டில் எப்படி எழுதுவார்கள், இதற்கெல்லாம் படித்த நான்தானே பொறுப்பு என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும்.

பெயர் இல்லாததற்குக் காரணம், பெயர் ஏற்கெனவே முடிவாகியிருந்ததுதான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே அத்தை, அதாவது என் மாமியார், சொல்லிவிட்டார்.

"அந்தப் பேரைத்தான் வெக்கோணும்."

"எந்தப் பேருங்க அத்தை?"

"எம் மாமனாரு பேரு."

"சரிங்க. அது என்ன பேருங்க?"

அத்தை என் கையில் ஓர் அடி வைத்தார். "மாமனார் பேரை ஆராச்சும் வாயில சொல்லுவாங்களா? படிச்ச புள்ள கேக்கற கேள்வியப் பாரு."

வேறு யாரையாவது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அந்தப் பெரியவருக்கு ஒரே மகன், என் மாமனார். அவரும் என் கணவர் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே போய்விட்டார். ஊருக்கெல்லாம் அந்தப் பெரியவர் மிளகுத் தாத்தா. பலா மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி அவர் வளர்த்த தோட்டம் இன்னும் காய்க்கிறது. பட்டப்பெயர் நின்றுவிட்டது, பெயர் போய்விட்டது. தெருவில் இரண்டு முதியவர்களைக் கேட்டோம். ஒருவர் ஒரு பெயர் சொன்னார், மற்றவர் வேறொன்று சொன்னார். இரண்டையும் கேட்டு அத்தை தலையை ஆட்டிவிட்டார். இரண்டாமவர் சொன்னது அவருடைய சொந்தப் பெயர் என்று பிறகு தெரிந்தது. காது கொஞ்சம் மந்தம்.

எதற்கு இத்தனை பிடிவாதம் என்று ஒருநாள் எனக்குச் சலிப்பாகவே இருந்தது. சாமை புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

அந்தப் பெயர் என் கணவருக்கு வந்திருக்க வேண்டியது. பேச்சும் அப்படித்தான் இருந்தது. பள்ளியில் சேர்க்கும் நாளன்று மாமனார் மிளகு மூட்டையோடு மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தார். அத்தைதான் பையனைக் கூட்டிப் போனார். வாத்தியார் நோட்டைத் திறந்து, "பேரென்னம்மா?" என்றார். அத்தை நின்றார். பையனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெளியே மலையைக் கையால் காட்டினார். பின்னால் பெரிய வரிசை. வாத்தியார் இரண்டு முறை கேட்டுவிட்டு, தனக்குப் பிடித்த ஒரு பெயரை எழுதி, "அடுத்தது யாரு?" என்று சொல்லிவிட்டார். என் கணவர் இன்றுவரை அந்தப் பெயரோடுதான் இருக்கிறார்.

"உங்க மாமனாரு மூணு நாளு எங்கூடப் பேசல. நான் வாயத் தொறக்காமப் போன பேரு அது. இந்தத் தடவயும் போயிரக் கூடாது கண்ணு."

அதற்குப் பிறகு நான் சலித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் படிக்கும்போதே நான் ஒரு நோட்டில் பிள்ளைப் பெயர்களை எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மிளகுத் தாத்தாவின் பெயர் கிடைக்காவிட்டால் அதை வைத்துவிடலாமே என்று ஓர் ஓரத்தில் தோன்றும். தோன்றியதும் பயமாக இருக்கும். நான் சரியாகத் தேடுகிறேனா, அல்லது தேடுவதுபோல் இருக்கிறேனா?

எனவே கூடுதலாகத் தேடினேன். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து அத்தையிடம் துப்புக் கேட்போம்.

"முன்னால ஒண்ணு இருக்குது. பின்னால ஒரு மலை" என்றார் அத்தை. அதற்கே வாயைப் பொத்திக்கொண்டார்.

மலை என்றால் எங்களுக்கு ஒரே மலைதான். எங்கள் மலைச் சாமிகளின் பெயர், அம்மன்களின் பெயரை ஆணாக்கியது, ஊர்ப் பெயர், அருவிப் பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னோம். இல்லை, இல்லை, இல்லை.

"ஏம்மா, சேந்தமங்கலம் போற பஸ்ஸுல ஒரு பேரு எழுதியிருக்குதே, அதா?" என்பார் என் கணவர்.

"உங்கொப்பன் இருந்திருந்தா இப்பிடிக் கேலி பேசுவியா நீ?"

"அவரு இருந்திருந்தா அவரே சொல்லியிருப்பாரேம்மா."

அத்தை சாமை உமியை அவர் மேல் ஊதிவிடுவார். பிள்ளை அதைப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை.

பதினோராம் மாதத்தில் பிள்ளைக்குக் காது வலி. நாமக்கல்லில் டாக்டரைப் பார்க்க நானும் அவனும் பஸ்ஸில் மலையிறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் அவன் வாந்தியெடுத்து என் புடவை நனைந்துவிட்டது. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். திரும்பி பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் பலகை இருந்தது: 'பட்டா, சிட்டா விவரம் இன்டர்நெட்டில் பார்த்துத் தரப்படும்.'

நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். மிளகு விளையும் எங்கள் காடு இன்னும் மிளகுத் தாத்தா பெயரில்தான் இருந்தது. "தாத்தா பேர்லயே கெடக்குது, மாத்தோணும்" என்று என் கணவர் வருடத்துக்கு நான்கு முறை சொல்வார். பட்டாக் காகிதத்தைச் செல் அரித்துப் பல வருடமாகிவிட்டது. காட்டைப் பற்றிப் பேசும்போது காட்டை நினைத்தோம், பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பிள்ளையை நினைத்தோம். இரண்டையும் சேர்த்து நினைக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே ஓர் அக்கா இருந்தார். வருகிறவர்களின் விவரம் எழுதும் நோட்டை என் பக்கம் திருப்பி, "வீட்டுக்காரர் பேருங்க?" என்றார். நான் பேனாவை வாங்கி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், நானும் வாயால் சொல்லவில்லை என்பது உறைத்தது. இத்தனை நாள் அத்தையைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

"ஆளு பேரை வெச்சுத் தேட முடியுங்களாக்கா?"

"அப்பிடி முடியாதுங்க. சர்வே நம்பர் வேணும். மாவட்டம், வட்டம், கிராமம், நம்பர். அது இருந்தாப் பேரு வரும்."

பெயரே தெரியாமல் பெயரைத் தேடி வந்தவளுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஆனால் நம்பர்? தானியம் வைக்கும் அறைக் கதவின் உள்பக்கம் மாமனார் கரியால் எழுதிய ஓர் எண் இருக்கிறது. கூட்டும்போதெல்லாம் கண்ணில் படும். பலாக்காய்க் கணக்கென்று நினைத்திருந்தேன். ஒரு முறை என் கணவர்தான், அது காட்டு நம்பர், அழித்துவிடாதே என்று சொன்னார். பதினேழா, எழுபத்தொன்றா? பக்கத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு. அது மட்டும் நிச்சயம்.

பதினேழு போட்டோம். திரை முழுவதும் கட்டம் கட்டமாக, புள்ளி வைத்த ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதென்ன, எங்கள் பெயர் இப்படியா எழுதியிருக்கிறது? "தமிழ் ஃபாண்ட் இல்லீங்க, அதான்" என்று சொல்லி அந்த அக்கா எதையோ இறக்கிப் போட்டார். அதற்குள் பிள்ளை கீபோர்டில் நான்கு அறை வைத்துவிட்டான். மறுபடி பக்கத்தைத் திறந்ததும், கட்டங்கள் இருந்த இடத்தில் நல்ல தமிழ் நின்றது. ஒரு பெண்ணின் பெயர். கணவர் பெயரும் தெரிந்த பெயர்தான். எதிர்க்காட்டில் மரவள்ளி போட்டிருக்கும் வீடு. நல்லவேளை, அவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைக்கவில்லை.

எழுபத்தொன்று, உட்பிரிவு இரண்டு.

கூட்டுப் பட்டா. மூன்று பெயர்கள். முதல் இரண்டு பெயர் யாருடையதோ, பங்காளிகள் போலிருக்கிறது. மூன்றாவதைப் படித்தேன். படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று சொல்ல வேண்டும். நான் இதே மலையின் பைல் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அத்தையின் பேச்சில் ஒன்று வித்தியாசமாக இருக்கும். வியாழக்கிழமைக்கு அடுத்த நாளை அவர் 'வியாழனுக்கு மறுநா' என்பார். கோயிலுக்கு வியாழனுக்கு மறுநா, சந்தைக்கு வியாழனுக்கு மறுநா. பிள்ளைகள் கட்டும் அரைஞாண் கொடியை 'மினுக்குக் கொடி' என்பார். குண்டூர் நாட்டு வழக்கு போலிருக்கிறது என்று நினைத்து, மருமகள் என்றால் புகுந்த வீட்டுப் பேச்சைப் பேச வேண்டுமே என்று நானும் பழகிக்கொண்டேன். இரண்டு வருடமாக நானும் 'வியாழனுக்கு மறுநாள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மளிகைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். படித்த பெண்ணுக்குக் கிழமை தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

பெயரின் முதல் பாதி வெள்ளி. அத்தை மருமகளாக வந்த நாள் முதல் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை. பின்பாதி மலைதான், அவர் சொன்னபடியே. ஆனால் எங்கள் மலை இல்லை. மேற்கே, கோயமுத்தூர்ப் பக்கத்து மலை.

பிரின்ட் எடுத்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் பையைத் திறந்து இருக்கிறதா என்று பார்த்தேன். மேலே ஏற ஏறச் சந்தேகமும் ஏறியது. வேறு யாராவது பங்காளியாக இருந்தால்? அத்தைக்கு ஆசை காட்டி ஏமாற்றிவிட்டால்?

அத்தை வாசலில் பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் காதைக் கேட்டார், டாக்டர் சொன்னதைக் கேட்டார். அதற்குள் என் கணவரும் காட்டிலிருந்து வந்துவிட்டார். தாளைப் பிரித்து முதல் பெயரைப் படித்தேன். அத்தை மிளகைக் கிளறிக்கொண்டே, "அது பங்காளி" என்றார். இரண்டாவது. "அதும் பங்காளிதான். இதெல்லாம் எங்கிருந்து புடிச்சுட்டு வந்த நீ?"

மூன்றாவதைப் படித்தேன்.

அத்தை சட்டென்று எழுந்து நின்றார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார், யாரோ பெரியவர் வாசலில் வந்து நின்றதுபோல. காலடியில் மிளகு சிதறியது.

"இதானாம்மா?" என்றார் என் கணவர்.

 அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மலைன்னு சொன்னேனில்ல? ஒலகத்துல வேற மலையே இல்லையாட்டப் பேசுனீங்களே!"

பிறகு, இத்தனை வருடம் யாரும் கேட்காததால் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மிளகுத் தாத்தாவின் தகப்பனார் பிள்ளையில்லாமல் இருந்து, இங்கிருந்து நடந்தே அந்த மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாராம். பிறந்தவருக்கு அதனால்தான் அந்தப் பெயர். "நம்ம சாமிங்க கோவிச்சுக்கலையா?" என்று என் கணவர் கேட்டார். "கோவிச்சுட்டுத்தான் உன்னாட்டப் பேரனைக் குடுத்துச்சு" என்றார் அத்தை.

அந்த வாரமே பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போனோம். அத்தையும் வருவேன் என்றார். புதுப்புடவை. பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டார். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று நான் ஒரு துண்டுத் தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு விதமாக.

அலுவலர் நோட்டைத் திறந்தார். பிள்ளை அத்தையின் இடுப்பில் இருந்ததால் அவரைப் பார்த்தே கேட்டார்.

"பேரன் பேரு என்னங்கம்மா?"

அத்தை நின்றார். பிள்ளையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பின்னால் வரிசையில் இரண்டு பேர். தாளை நீட்டலாம் என்று நான் கையை எடுத்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ சொல்லு கண்ணு. சத்தமாச் சொல்லு."

சொன்னேன். வாசலில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அலுவலர் எழுதி முடிக்கும்வரை அத்தை அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதியதன் மேல் குனிந்து பார்த்து, "மை காயட்டும், மூடிராதீங்க சாமி" என்றார்.

கல்லூரி நோட்டில் நான் எழுதி வைத்திருந்த பெயர் என் இரண்டாவது பிள்ளைக்கு உதவியது. மூத்தவன் பள்ளிக்கும் போக ஆரம்பித்துவிட்டான். பள்ளியில் அவன் பெயரை முழுதாகக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அத்தைக்கு மட்டும் அவன் இன்றும் சாமிதான். மாமனார் பெயராயிற்றே, எப்படிச் சொல்வார்? இரண்டு வேலி தாண்டி நிற்பவனைக் கூப்பிட, "ஏ கண்ணு, அவனைக் கூப்புடு" என்று என்னை ஏவுவார். நான் கத்துவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார், முகம் மலர்ந்திருக்கும்.

பெயரை முழுதாக இங்கே எழுதவில்லை. எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதல் பாதி வரும் இடத்தில் இருமிக்கொள்வதாக இருக்கிறேன். வருகிற வியாழனுக்கு மறுநாள், வேலையெல்லாம் முடிந்த பிறகு.