கண்ணாடியோடு வந்த கன்னம்

ஏற்காடு பஜாரில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை என்னுடையது. இருபது வருடமாக இதே தொழில். சுத்தியல் கைக்கு வந்தால் கொஞ்சம் திமிரும் கூடவே வரும்.

என் அம்மா போட்டோவுக்கு நிற்கவே மாட்டார். ஆதார் அட்டையில் ஒன்று உண்டு. அது யாரென்று அம்மாவுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர், ஏரிக்கரை லாட்ஜில் தங்கியிருந்த ஒரு கிரேக்க ஓவியப் பெண் கேட்டதும், நாலு நாள் காலையில் என் கடை ஸ்டூலில் முக்காட்டோடு அசையாமல் உட்கார்ந்தார்.

"இதுக்கு மட்டும் எப்படிம்மா ஒத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"இத்தன நேரம் என் மூஞ்சிய ஆரு பாத்திருக்காங்க கண்ணு? பாத்துட்டுப் போகட்டும்."

அந்தப் பெண் வரைந்தது பாஸ்டலில். கிட்டத்தட்ட சாக்பீஸ்தான், தொட்டால் விரலில் ஒட்டும். பச்சைக் கன்னம், ஊதா நெற்றி, ஒரு கண் மட்டும் முகத்தையே விழுங்குகிற மாதிரி. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தப் பெண் போனை எடுத்து, ஏதென்ஸில் இப்போது வரைகிறவர்களின் படங்களைக் காட்டினார். எல்லா முகமும் இப்படித்தான், சிவப்பும் நீலமுமாக. உள்ளே இருப்பதை வரைகிறோம் என்பதுபோல நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்க அத்தா மௌத்தான அன்னிக்கு நான் இப்படித்தான் இருந்தேன்" என்றார். அத்தாவை அடக்கம் செய்த அந்த நாளை நினைத்தபடி ஃபிரேமுக்கு அளவெடுக்கத் தொடங்கினேன்.

படத்தை எங்களிடமே கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கொஞ்சம் விரித்துக் காட்டினார். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி விட வேண்டுமாம். தலையை ஆட்டினேன். எங்கள் மலைப்பனியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இடைவெளி விட்டால் ஈரம் புகுந்துவிடும். இங்கே எல்லோரும் செய்கிறபடி கண்ணாடியைப் படத்தோடு அழுத்தி, ஹார்ட்போர்டு வைத்து ஆணியடித்து, பின்னால் டேப் ஒட்டினேன்.

அடுத்த வருடம் அம்மா மௌத்தானார். அந்த மழைக்காலத்தில்தான் படத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். பூஞ்சை. டேப்பைக் கிழித்து, கண்ணாடியின் ஒரு மூலையை மெல்லத் தூக்கினேன். பச்சைக் கன்னம் கண்ணாடியோடு வந்தது. பதறிப்போய்த் திரும்ப வைத்தேன். முன்பிருந்த இடத்தில் அது உட்காரவில்லை.

போனில் படமெடுத்து ஓவியருக்கு அனுப்பினேன். 'இனி திறக்காதீர்கள்' என்று மட்டும் பதில் வந்தது. திறந்தால் முகம் போகும், மூடி வைத்தால் பூஞ்சை தின்னும். ஊரில் எத்தனையோ பேர் வீட்டுக் கல்யாணப் படங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான். என் அம்மாவுக்குச் செய்ய என் கையில் ஒன்றுமே இல்லை.

போன மாதம் சேலத்திலிருந்து தங்கை வந்தாள். நடந்ததை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் வெள்ளை கண்ணிலிருந்து தாடைவரை இறங்கியிருந்தது. ஃபிரேமை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏனுங்கண்ணா, மத்ததெல்லாம் எனக்குப் புரியலீங்க. இந்த வெள்ளய மட்டும் படம் வரஞ்ச அந்தம்மா நொம்ப நல்லாப் போட்டிருக்காங்க. நம்ம அம்மா அழுவுற மாதிரியே இருக்குதுங்க."

"ஆமா கண்ணு, நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றேன்.