போனும் கையுமாக ஒரு டீச்சர்

சாக்பீஸ் தீர்ந்தால் பக்கத்து வகுப்பில் கேட்டு வாங்கலாம். பாடத்தின் நடுவே சார்ஜ் தீர்ந்தால் யாரிடம் போய் நிற்பது? ஆப் வைத்துப் பாடம் நடத்தும் டீச்சர்மாரே, சார்மாரே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

அட்டை

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளி. வகுப்புக்கே என் போன் ஒன்றுதான். அதனால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கட்டம் அச்சடித்த சதுர அட்டை கொடுத்தேன். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எது பதிலோ அந்த எழுத்து மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவைக் காட்டிக்கொண்டே நடந்தால், ஆப் அட்டைகளைப் படித்துவிடும்; சரியாகச் சொன்னவர் பெயரில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. முதல் நாளே கரண்ட் போனது. வகுப்பு மொத்தமும் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. போன் திணறிப் போனது. "கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் பதில் சொல்றோம் டீச்சர்" என்றான் முதல் பெஞ்சு.

தரையைப் பார்ப்பவள்

பாண்டீஸ்வரி பதில் சொல்லக் கையே தூக்க மாட்டாள். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். அட்டையைப் பிடித்தால் மட்டும் அவள் பெயரில் போனில் வரிசையாகப் பச்சை. பக்கத்தில் பார்த்துப் பிடிக்கிறாளோ என்று தனியாக உட்கார வைத்தேன். அப்போதும் பச்சைதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இம்புட்டும் தெரிந்துகொண்டு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மதியச் சாப்பாட்டு வரிசையில் கேட்டேன். காதோரம் சொன்னாள்: "தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாய்ங்க டீச்சர். போன் சிரிக்காதுல்ல."

புகார்

மாடு பத்திக்கொண்டு போன அவள் அப்பா கருப்பையா, ஜன்னல் வழியே என்னைப் பார்த்துவிட்டு நேரே தலைமையாசிரியையிடம் போய்விட்டார். டீச்சர் பாடம் நடத்தாமல் போனும் கையுமாகத் திரிகிறாராம். "பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் சரியென்றால் போனை எடுங்கள், இல்லையென்றால் அது என் பீரோவில்தான்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. போன் போனால் போகட்டும், அந்தப் பிள்ளை மறுபடி தரையைப் பார்ப்பாளே. மதுரை ஆரப்பாளையம் திரும்பும் பஸ்ஸில் கணக்கு சார் ஆறுதல் சொன்னார்: "விடுங்க மேடம், உங்க வீட்டுக்காரர் போன் போட்டுப் பேசுறதையெல்லாம் இனி ஹெச்.எம். கேக்கட்டும்."

கூட்டம்

வந்த பெற்றோருக்கும் அட்டை கொடுத்துவிட்டேன். பருத்திக்கு ஏற்ற மண் எது? கரிசல், சி. எல்லாருக்கும் பச்சை; கருப்பையாவுக்கு மட்டும் சிவப்பு என்று போனைப் பார்த்து வாசித்தேன். கூட்டம் சிரித்தது. "பருத்தி போடுறவன் பதிலு தப்பா? போன் பொய் சொல்லுது" என்று அவர் எழுந்துவிட்டார். போச்சு, பீரோதான் என்று நினைத்தேன்.

அப்போது, அவர் பின்னால் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் கூட்டம் முழுக்கக் கேட்டது. பாண்டீஸ்வரி. "யப்பா, பதிலு உனக்குத் தெரியும். அட்டையத்தான் தலைகீழாப் புடிச்சிருக்க, திருப்பு." யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மகளையே பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பினார். பச்சை. மெதுவாக உட்கார்ந்தார். "சரி டீச்சரம்மா, அடுத்த கேள்வியக் கேளுங்க."

போன் இன்றும் என் கையில்தான் இருக்கிறது; பாண்டீஸ்வரியைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைக்கும் ஆப்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.