புதன்கிழமை ஊசி

கீமோ வார்டு நர்ஸுக்கு ஊசி குத்துவது சுலபம். அதற்கு முன்னால் உண்மையை வாங்குவதுதான் உயிர் போகிற வேலை. நீங்களும் என்றைக்காவது யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, சிஸ்டர் கேட்ட கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருப்பீர்கள். சேலத்தில் அந்த ‘ஒன்றுமில்லை’யோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான்.

கழிவு நூல்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற பழனிசாமிக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தப் புற்றுநோய். புதன்கிழமைதோறும் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி. இந்த மருந்து எப்படித்தான் வேலை செய்கிறது என்று முதல் நாளே கேட்டார். அவர் பட்டறையை வைத்தே சொன்னேன். புற்றுச் செல் இரவு பகலாக உதவாத புரதத்தை நெய்து தள்ளுகிறது. கோணலாய்ப் போனதை உடனுக்குடன் உடைத்து அள்ளிப் போடுவதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. அள்ளுகிற வழியை மருந்து அடைத்துவிடும். அள்ளாத கழிவு நூல் பட்டறையை அடைப்பதுபோல் கழிவு குவிந்து, நெருக்கடி தாங்காமல் செல் தானாகவே செத்துப்போகும்.

“மத்த செல்லுங்களும் குப்பை அள்ளறதுதானுங்களே?” என்றார். அவை நிதானமாக ஓடுகிறவை, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; நரம்புதான் கொஞ்சம் முனகும், கால் மரத்துப்போனால் உடனே சொல்லிவிட வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி செல்விதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இவரு மொனகவே மாட்டாருங்க சிஸ்டரு, அதுதானுங்க எனக்குப் பயமே.”

ஒற்றைச் செருப்பு

வாராவாரம் கேட்பேன். கால் மரத்துப் போகிறதா? “ஒண்ணுமில்லீங்க.” ஒரு புதன்கிழமை அவர் கட்டிலில் ஏறிப் படுத்ததும் செல்வி தரையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இன்னொரு செருப்பு எங்கீங்க?” என்றார். பஸ்ஸிலேயே கழன்று விழுந்திருக்கிறது. இறங்கிய இடத்திலிருந்து கொதிக்கிற தார் ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார். முன்னால் நடந்த செல்வி பார்க்கவில்லை; அவருக்கோ தெரியவேயில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அவர் கட்டை விரலைத் தொட்டேன். “எப்பங்க தொடுவீங்க?” என்று கேட்டார். நான் தொட்டு எடுத்தாயிற்று.

டாக்டரம்மா வந்து பார்த்து மருந்தின் அளவைக் குறைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் சத்தம் போட்டேன். இத்தனை வாரமாக ஏன் மறைத்தீர்கள், விளையாட்டா இது என்று. எனக்குக் கோபம் வந்தால் வார்டே அடங்கிவிடும். பழனிசாமி மட்டும் அசரவில்லை. “சொன்னா ஊசிய நிறுத்திப்போடுவீங்க. அப்பறம் நான் எங்கீங்க போறது?”

சொம்பு நிறையப் பச்சைச் சாறு

அடுத்த ரத்தப் பரிசோதனையில் புற்றுச் செல் நெய்கிற அந்த உதவாத புரதத்தின் அளவு இறங்கவேயில்லை. இன்னும் கொஞ்ச வாரம் பார்ப்போம், அப்போதும் இறங்காவிட்டால் இந்த மருந்தை விட வேண்டியதுதான், அடுத்ததை அவர் உடம்பு தாங்குமா தெரியாது என்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். செல்வியின் முகம் செத்துப்போயிற்று.

அதற்கடுத்த புதன்கிழமை ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன், செல்வி கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் வாயில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். பெரிய நெல்லிக்காய்ச் சாறு. வீட்டு மரத்துக் காய். ஊசி நாளன்று விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு, வழியில் பஸ்ஸில் மிச்சம். ஊசி உடம்பை உருக்குகிறதாம், தெம்புக்காம். தெம்பு போதாதென்று மருந்துக் கடையில் வாங்கிய வைட்டமின் சி மாத்திரை வேறு. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். நெல்லியிலும் நிறைய இருக்கிற அந்த வைட்டமின் சி இந்த மருந்தைப் பிடித்து முடக்குவதாகச் சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். மனித உடம்பில் எவ்வளவு முடக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஊசி கிடையாது, ஊசியெல்லாம் முடியும்வரை நெல்லியும் கிடையாது என்றார்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று வாராவாரம் கேட்டேனே என்று செல்வியிடம் கத்தினேன். அவர் பாட்டிலைக் கூடைக்குள் திணித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார். “நெல்லிக்காயி எப்பங்க மருந்தாச்சு? அது நாங்க திங்கறதுங்க!”

அந்த நம்பர்

நெல்லி இல்லாமல், குறைத்த அளவில் ஊசி தொடர்ந்தது. மறுபடி அவருக்கு ரத்தம் எடுத்தோம்; முடிவு வரும் நாளில் செல்வி பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எறங்கியிருந்தா இத்தன நாளும் தடுத்த பாவி நாந்தானுங்க. எறங்காட்டி அவரு போயிருவாரு,” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எறங்கியிருக்கோணும் சாமி. நான் பாவியாவே இருந்துட்டுப் போறேன்,” என்றார். என் சர்வீஸில் இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டதில்லை. நானும் அழுதுவிட்டேன்.

இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. மருந்து பிடிக்கச் சிலருக்கு நாளாகும், நெல்லிதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லியும் செல்வி அழுகையை நிறுத்தவில்லை. முனகவே தெரியாத மனுஷன் என் பக்கம் திரும்பினார். “மரத்த வெட்ட ஆளச் சொல்லியிருக்கறாளுங்க. ஊசியெல்லாம் முடிஞ்ச பொறவு அவ கையால அந்தச் சாறு எனக்கு வேணுமுங்க, வெட்டக்கூடாதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க சிஸ்டரு.”

இப்போதெல்லாம் ஊசியைத் தொடும் முன் நான் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை, காலையில் கண் விழித்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போனது என்றுதான் கேட்கிறேன். எந்த மாமியாரும் மருமகளை இப்படிக் குடைந்திருக்க மாட்டாள்.