சிறுகுறிஞ்சான் மென்ற சம்பந்தி

எங்க வீட்டுக்காரருக்குச் சுகர். ஆனா இனிப்பைக் கண்டா மனுசன் சின்னப் புள்ளை ஆயிருவார். வல்லத்திராக்கோட்டையில எந்த டீக்கடையில கேட்டாலும் சொல்லுவாங்க. பேசிப் பேசி வாய் வலிச்சுப்போயித்தான், வேலியில படர்ந்து கெடந்த சிறுகுறிஞ்சான் எலையை மெல்லக் குடுக்க ஆரம்பிச்சேன். மென்னுட்டா கொஞ்ச நேரத்துக்கு நாக்குல இனிப்பே ஏறாது. பார்மசி படிச்ச எங்க மக, "அதுல ட்ரைடெர்பீன்னு ஒரு வகை ரசாயனம் இருக்கும்மா, இனிப்புத் தெரியிற எடத்தைப் போயி அடைச்சுக்கும். சுகரைக் கொறைக்குமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க, மாத்திரையை நிறுத்திப்புடாதீங்க"ன்னா.

அவளுக்குத் திருமயத்துல ஒரு மாப்பிள்ளை பேசினோம். பையனை அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மாப்பிள்ளை வீடு பாக்க நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். அங்க போயி இவர் இனிப்புல விழுந்தா மானம் போயிருமேன்னு, அவங்க தெருமுனையிலயே எலையைக் குடுத்து மெல்ல வச்சேன். எனக்கு இருக்கிற மூளை யாருக்கு வரும்.

மாப்பிள்ளையோட அம்மா தன் கையால கிண்டின கேசரியை நெய் மினுங்கக் கொண்டாந்து வச்சாங்க. இவர் ஒரு வாய் போட்டார். மொகம் கோணிப்போச்சு. தட்டைக் கீழே வச்சுட்டார். எங்க பக்கம் சம்பந்தம் பிடிச்சாத்தான் கை நனைப்போம். தட்டை ஒதுக்கினா வேண்டாம்னு அர்த்தம். மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சு நின்னுட்டார். போனைக் கையிலயே வச்சுக்கிட்டு எம் மக வீட்டுல காத்துக்கிட்டு இருப்பா.

பையில மிச்சமிருந்த எலையை எடுத்து முன்னால வச்சேன். "அவருக்குச் சுகருங்க. நாந்தான் இதை மெல்ல வச்சுக் கூட்டியாந்தேன். கேசரி மேல குத்தமில்லைங்க."

அந்தம்மா நம்பலை. ரெண்டு எலையை மென்னுட்டு, தன் கேசரியை வாயில போட்டாங்க. "என்னங்க இது, மண்ணைத் திங்கிற மாதிரியில்ல இருக்கு"ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் மிச்ச எலையை அள்ளித் தன் வீட்டுக்காரர் கையில திணிச்சாங்க. அங்கயும் அதே கதைதான் போல.

அவர் எலையைக் கையில வச்சுக்கிட்டே, "அப்ப கை நனைக்கிறீங்களா சம்பந்தி?"ன்னார்.

எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்தார். நான் தலையை ஆட்டினேன். சுகர் வந்ததுக்கு அப்புறம் நானே சரின்னு சொன்ன மொதத் தட்டு அது. ஒரு துளி இனிப்புத் தெரியாம, மகளுக்காக, அம்புட்டையும் வழிச்சுத் தின்னு முடிச்சார்.