சம்பந்தி வீட்டுப் பாலாடைப் பணியாரம்

புடாபெஸ்டில் பொத்தான் வியாபாரம் செய்யும் ஹில்லெல் கோர்னிட்சர் எந்த ஊருக்குப் போனாலும் பட்டினியாகத்தான் திரும்புவார். அங்கே யூத ஆசாரப்படி சமைத்த கோஷர் சாப்பாடு கிடைக்காததால் அல்ல, கிடைப்பதை நம்பாததால். வார்சாவில் மதகுரு ரபி கையெழுத்திட்ட சான்றிதழைப் பார்த்து, "மை புதுசா இருக்கே" என்று எழுந்து போனவர். பிராகில் கடைக்காரரின் தாடி குட்டையாகப் பட்டது. தன்னைவிட ஆசாரமானவன் ஆண்டவன் ஒருவன்தான் என்பது அவர் எண்ணம்; அதிலும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும்.

மகள் மல்காவுக்கு வயது இருபத்தெட்டு. இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது, ரொமானியாவின் ஓரதியாவில். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. ஹில்லெல் ரயிலேறினார். பையனின் அப்பா பெரெட்ஸ்தான் அந்த ஊரில் கோஷர் முறைப்படி மாடு அறுக்கும் ஒரே ஆள்.

பையனின் அம்மா ஃப்ரூமா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வெண்ணெய் மணம் வயிற்றைக் கிள்ளியது. ஆனால் எந்தப் பாலோ, எந்தப் பாத்திரமோ? ஹில்லெலிடம் கைவசம் ஒரு சாக்கு உண்டு. இறைச்சி தின்றவன் ஆறு மணி நேரம் பால் பண்டம் தொடக்கூடாது. எந்த வீட்டு அம்மாளும் அதற்குமேல் வற்புறுத்த முடியாது.

"இப்பதாம்மா ஸ்டேஷன் பக்கத்துல கறி சாப்பிட்டேன். சம்பந்தி அறுத்ததுன்னு கடைக்காரன் சொன்னான், நம்பி ஒரு பிடி பிடிச்சிட்டேன்."

பெரெட்ஸ் தேநீரைக் கீழே வைத்தார்.

"நான் அறுத்ததா? கை சுளுக்கி மூணு வாரமா கத்தியைத் தொடலையே, சம்பந்தி. நீங்க தின்னது என்ன கறி?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இது எட்டு நொடிகூட நிற்கவில்லை. பொய்யென்றால் மானம் போகும். மெய்யென்றால் மதமே போகும். மல்காவை நினைத்தார். பயமாக இருந்தது.

"பொய்தான் சொன்னேன். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டு, தட்டை இழுத்து நான்கு பணியாரம் தின்றார். பிரமாதமாக இருந்தது.

மிச்சத்தை ஃப்ரூமா காகிதத்தில் பொட்டலம் கட்டினாள்.

"வழியில சாப்பிடுங்க. உங்க பொண்ணு தங்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு எம்பையனும் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டு, என் வீட்லயே பட்டினியா உக்காந்துட்டுப் போவான். அதை என்னால பார்க்க முடியாதுங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்."

ஹில்லெல் பொட்டலத்தோடு ரயிலேறினார். மல்கா புடாபெஸ்ட் ரயில் நிலையத்துக்கே வந்து காத்திருப்பாள்.